பாரம் இழுக்கும் மின்வண்டி: சங்கப் பட்டறையில் செய்து கொள்ளும் முறை

நெல்லை விளைவிப்பது ஒரு பாடு. விளைந்த நெல்லைக் களத்திலிருந்து கிடங்கிற்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு பாடு. அவ்வாறே நூலுக்குச் சாயம் தோய்ப்பது ஒரு வேலை. நீர் சொட்டும் நூற்சிப்பங்களைத் தொட்டியிலிருந்து உலர்த்தும் இடத்திற்குச் சுமந்து செல்வது வேறொரு வேலை. முதல் வேலைக்குக் கூலியும் மதிப்பும் உண்டு. இரண்டாவது வேலை எந்தக் கணக்கிலும் தனியாக எழுதப்படுவதில்லை. ஆயினும் அங்கத்தினர்களின் முதுகையும் முழங்காலையும் முதலில் வாட்டுவது இந்தக் கணக்கில் வராத வேலையே என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஓர் ஆள் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ல் சிபாரிசு செய்தது. நமது கிடங்குகளில் அந்த அளவை நினைத்துப் பார்த்து மூட்டை தூக்குபவர் எத்தனை பேர்?

பிள்ளைப்பாக்கத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் எடுத்துக் கொள்வோம். ஒருபுறம் பழைய ஏரியும் அதன் பாசன நிலங்களும். மறுபுறம் சிப்காட் தொழிற்பேட்டை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலை இயங்கலாயிற்று. அதுமுதல் இவ்வட்டாரத்து இளைஞர் பலர் ஷிப்டு வேலைக்குச் செல்கின்றனர். வயலிலும் தறியிலும் எஞ்சியிருப்போரில் வயது முதிர்ந்தோரே மிகுதி. பாரமோ குறையவில்லை, தோள்கள்தாம் குறைந்துவிட்டன. ஆகவே பாரத்தை யந்திரத்திடம் ஒப்படைப்பது ஆடம்பரமன்று, அவசியமே என்னும் நிலை வந்துவிட்டது.

பெரிய தொழிற்சாலைகளில் ஒரே ஆள், சிறியதொரு மின்வண்டியின் பின்னே நான்கைந்து தட்டுவண்டிகளைக் கோத்து, ஓசையின்றி இழுத்துச் செல்வதை அங்கு வேலை செய்யும் நம் வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் காண்கின்றனர். அத்தகைய வண்டியைச் சிறிய அளவில் நமது சங்கப் பட்டறையிலேயே, உள்ளூர் வெல்டரையும் மின்சார வேலை அறிந்த ஒருவரையும் துணைக்கொண்டு செய்து கொள்ள இயலும். அதன் முறையையும், அதைவிட முக்கியமாக அதன் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்கும்.

பழைய கதையே

மின்சாரத்தால் பாரம் இழுப்பது நமக்குப் புதிதன்று. சென்னை நகரில் 1895-லேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. 1953 வரை அது ஓடியது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்திற்கு 1931 முதல் மின்சார ரயில் ஓடுகின்றது. இவையெல்லாம் வெளியிலிருந்து கம்பி வழியே மின்சாரம் பெற்றவை. கம்பியின்றி, பாட்டரியைத் தன்மீதே சுமந்து கொண்டு பாரம் நகர்த்தும் மேடை வண்டியை, அமெரிக்காவில் பென்சில்வேனியா ரயில்வேக்காரர்கள் 1906-ல் ஆல்டூனா நிலையத்தில் பயணிகளின் சாமான்களை ஏற்றிச் செல்லப் பயன்படுத்தினர். இன்று உலகெங்கும் கிடங்குகளிலும் விமான நிலையங்களிலும் ஓடும் மின்வண்டிகள் அதன் வழித்தோன்றல்களே.

மோட்டாரைச் செய்வதிலும் நம்மவர் பின்தங்கியவர் அல்லர். கோயம்புத்தூரில் 1937-ல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கியதை யாவரும் அறிவர். ஆகவே சங்கப் பட்டறையில் ஓர் இழுவை வண்டி செய்வது நம் சக்திக்கு அப்பாற்பட்டது என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை.

சுமப்பது வேறு, இழுப்பது வேறு

நாம் செய்யப்போவது சுமை ஏற்றும் வண்டியன்று; சுமை வண்டியை இழுக்கும் வண்டி. இந்த வேற்றுமையை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். சுமை ஏற்றும் வண்டிக்கு உறுதியான தட்டும் வில்லும் பெரிய சட்டமும் வேண்டும். இழுக்கும் வண்டிக்கு வேண்டியவை மூன்றே: தரையைப் பற்றிக் கொள்ளும் கனம், மெதுவாகச் சுழலும் வலுவான சக்கரம், நிறுத்தினால் நிற்கும் பிரேக். மேலும், சுமை வண்டியை ஏற்றி இறக்கும் நேரத்தில் இழுவை வண்டி காத்திருக்க வேண்டுவதில்லை. கொக்கியைக் கழற்றிக் கொண்டு அடுத்த வண்டியை இழுக்கச் செல்லலாம். மூன்று தட்டுவண்டிகளுக்கு ஓர் இழுவை வண்டி போதும்.

முதலில் பாதை, பிறகு யந்திரம்

எத்தனை வலிமையுள்ள மோட்டார் வேண்டும் என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பாரத்தை இந்தப் பாதையில் நகர்த்த எத்தனை கிலோ இழுப்பு வேண்டும்?

இதனை அறியப் புத்தகம் வேண்டுவதில்லை. மூட்டைகள் ஏற்றிய தட்டுவண்டியின் முன்னே ஒரு கயிறு கட்டி, அக்கயிற்றின் நடுவே ஒரு தொங்கு தராசை மாட்டி, இரண்டு மூன்று பேர் சீராக இழுக்கட்டும். ஒருவர் தராசைப் பார்த்து, வண்டி நகரத் தொடங்கும்போதும், சீராக ஓடும்போதும் காணும் கிலோவைக் குறித்துக் கொள்ளட்டும். களம், மண்பாதை, கிடங்கு வாசலின் ஏற்றம் ஆகிய ஒவ்வோரிடத்திலும் இவ்வாறு அளக்க வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் முடியும் இச்சோதனை, பின்னர் பல ஆயிரம் ரூபாய் வீணாவதைத் தடுக்கும்.

தராசில் எத்தகைய எண்கள் வரும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 50 கிலோ மூட்டைகள் பதினெட்டு, அதாவது 900 கிலோ. தட்டுவண்டியின் எடை 100 கிலோ. இழுவை வண்டியின் எடை 250 கிலோ. ஆக மொத்தம் நகர வேண்டியது 1,250 கிலோ. காற்றடைத்த சக்கரங்கள் வழவழப்பான சிமெண்டுத் தரையில் உருளுவதற்கு, எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு இழுப்பு போதும். அது 25 கிலோ. கெட்டியான மண்பாதையில் நூற்றுக்கு ஆறு பங்கு வேண்டும். அது 75 கிலோ. ஆழ்ந்த மணலிலோ நூற்றுக்கு இருபதும் ஆகலாம். அது 250 கிலோ. இருபது அடி நீளத்திற்கு ஓரடி உயரும் ஏற்றமாயின், எடையில் இருபதில் ஒரு பங்கான சுமார் 62 கிலோ இவற்றுடன் கூடும்.

இழுவை வண்டியின் சக்கரம் தரையைப் பற்றும் அளவுக்கே இழுக்க இயலும் என்பது அடுத்த செய்தி. ஓடும் சக்கரங்களின்மீது 200 கிலோ எடை அமைந்திருந்தால், உலர்ந்த சிமெண்டுத் தரையில் அவை 120 கிலோ வரை இழுக்கலாம். மண்பாதையில் ஏறத்தாழ 80 கிலோவே. அதற்கு மேல் மோட்டாரின் வலிமை எத்தனையாயினும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இவ்விரு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிமெண்டுத் தரையின் சமதளத்தில் 25 கிலோ வேண்டும். 120 கிலோ கிடைக்கும். சிமெண்டு ஏற்றத்தில் 87 கிலோ வேண்டும், அப்போதும் கிடைக்கும். மண்பாதையின் சமதளத்தில் 75 கிலோ வேண்டும், 80 கிலோவே கிடைக்கும், இது விளிம்பு. மண் ஏற்றத்தில் 137 கிலோ வேண்டும், கிடைக்காது. மணலில் நினைக்கவும் வேண்டாம்.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. கிடங்கு வாசலிலுள்ள ஏற்றத்தில் வண்டி ஏறவில்லையெனில் பெரிய மோட்டார் வாங்குவது பயன் தராது. அந்த ஏற்றத்திற்குச் சிமெண்டுத் தளம் போடுவதே பயன் தரும். மண்பாதையில் சக்கரம் ஓடும் இரு தடங்களுக்கு மட்டுமாவது செங்கல்லோ கல்லோ பதித்துக் கெட்டித்தால் பாதி யந்திரம் செய்தாயிற்று என்று கொள்ளலாம். பாதை செய்யும் எண்ணமில்லாத சங்கம் இழுவை வண்டி செய்யும் முயற்சியில் இறங்காதிருப்பதே நலம்.

மோட்டாரின் வலிமை

வேகத்தை எவ்வளவு குறைக்கின்றோமோ அவ்வளவு சிறிய மோட்டார் போதும். பாரம் இழுப்பவனோடு ஒருவர் நடந்து செல்ல வேண்டுமாதலால், மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம் ஏற்றது. அது நிமிஷத்திற்கு 50 மீட்டர். இந்த வேகத்தில் மண்பாதையில் 75 கிலோ இழுப்புக்குச் சக்கரத்தில் சுமார் 610 வாட் வேண்டும். சங்கிலியிலும் பல்சக்கரங்களிலும் நாலில் ஒரு பங்கு வீணாகுமாதலால், மோட்டார் சுமார் 810 வாட் தர வேண்டியிருக்கும். ஆகவே 48 வோல்ட்டில் இயங்கும் 1,000 வாட் மோட்டார் போதுமானது. வாசல் ஏற்றத்தில் சில விநாடிகள் இதற்கு மேல் வேலை செய்யவும் அதனால் இயலும்.

இந்த 1,000 வாட்டின் மதிப்பை நாமறிந்த அளவில் கூறுவதானால், ஓர் ஆள் நாள் முழுதும் தளராமல் செய்யும் உழைப்பு சுமார் 75 வாட். ஒரு சோடி மாடுகளின் உழைப்பு ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன், அதாவது 746 வாட். ஆக, நமது மோட்டார் ஒரு சோடி மாட்டைவிடச் சற்றே வலியது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது.

பாட்டரி ரிக்ஷாக்களில் உபயோகிக்கும் காந்த மோட்டாரும், அதற்குரிய கண்ட்ரோலரும், கைப்பிடி விசையும் இவ்வேலைக்குப் பொருந்தும். ஆனால் அந்த ரிக்ஷாவின் பின் அச்சு பொருந்தாது. அது பயணிகளை ஏற்றிக் கொண்டு மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. அதன் பல்சக்கரம் ஏறத்தாழ பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைந்தது. அப்படியே எடுத்துப் பூட்டினால் இழுப்பு 15 கிலோ அளவிலேயே நிற்கும். மோட்டார் சூடேறிக் கருகும். இடையே சங்கிலி வைத்து இழுப்பைப் பெருக்கினாலோ, அந்த மெல்லிய அச்சு முறியும். இவ்விரு வழிகளிலும் பணம் இழந்தபின் வருந்துவதைவிட இப்போதே அறிந்து கொள்வது நன்று.

பல்சக்கரக் கணக்கு

சரக்கு ஏற்றும் மூன்று சக்கர டீசல் வண்டியின் அல்லது பழைய சிறு வண்டியின் பின் அச்சை, டிபரன்ஷியலும் சக்கரப் பிரேக்கும் கூடியதாக, பழைய சாமான் கடையில் பார்த்து வாங்க வேண்டும். அதன் விகிதத்தைக் கடைக்காரரின் வாய்மொழியால் கொள்ளலாகாது. இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலுமாறு செய்து, சக்கரம் ஒரு முறை சுழலுவதற்கு உள்ளே செல்லும் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்று கையால் சுழற்றி எண்ணிப் பார்க்க வேண்டும். அது ஐந்து என்று கொள்வோம்.

சக்கரத்தின் வெளி விட்டம் 40 சென்டிமீட்டர் எனில், ஒரு சுற்றில் அது ஓடும் தூரம் சுமார் 1.26 மீட்டர். நிமிஷத்திற்கு 50 மீட்டர் ஓட 40 சுற்றுகள் வேண்டும். மோட்டார் நிமிஷத்திற்கு 3,000 சுற்றுகள் சுழலுமாயின், மொத்தக் குறைப்பு 3,000-ஐ 40-ஆல் வகுத்த 75. அச்சில் ஐந்து கிடைத்தது, மீதம் பதினைந்து. இதனை இரண்டு சங்கிலிகளால் பெறலாம். மோட்டார் தண்டில் 15 பற்கள் உள்ள சக்கரம், இடைத்தண்டில் 45 பற்கள்: இது மூன்று. இடைத்தண்டின் மறுபுறம் 12 பற்கள், அச்சின் தண்டில் 60 பற்கள்: இது ஐந்து. மூன்றும் ஐந்தும் பெருக்கப் பதினைந்து. அச்சின் விகிதமோ சக்கரத்தின் விட்டமோ வேறாயின், இதே வழியில் கணக்கிட்டுப் பற்களை மாற்றிக் கொள்ள வேண்டும்.

சாதாரண மோட்டார் சைக்கிள் சங்கிலி இதற்குப் போதும். ஆனால் சங்கிலியின்மீது முழுவதும் தகட்டு மூடி போட்டே தீர வேண்டும். வேட்டி நுனியும், சேலைத் தலைப்பும், தொங்கும் நூலும் சங்கிலியில் சிக்கினால் விளையும் விபரீதத்தை விவரிக்க வேண்டுவதில்லை. மூடியில்லாத வண்டியைச் சங்கத்தின் வாசலுக்குள் விடுவதில்லை என்பதை விதியாக எழுதி வைத்தல் நலம்.

சட்டமும் கொக்கியும்

சட்டத்திற்கு 75 மில்லிமீட்டர் இரும்புச் சானல் ஏற்றது. பின்னே அச்சு, முன்னே திருப்புவதற்கு ஒரே சக்கரம், அதனுடன் இணைந்த நீண்ட கைப்பிடி. பாட்டரிகளை அச்சின் நேர்மேலே வைக்க வேண்டும். ஓடும் சக்கரங்களின்மீது 200 கிலோ எடை அமைய வேண்டும் என்று முன்னர்க் கூறியது இவ்வாறே நிறைவேறும்.

கொக்கி எங்கே அமைய வேண்டும் என்பதில் சிறிதும் அசட்டை கூடாது. டிராக்டர் ஓட்டும் அங்கத்தினர்கள் இதனை அறிவர்: இழுக்கும் இடம் பின் அச்சுக்கு மேலே அமைந்தால், பாரம் மிகும்போது முன்புறம் தூக்கி வண்டி பின்னோக்கிக் கவிழும். ஆகவே கொக்கி அச்சின் உயரத்திற்குச் சமமாகவோ அதற்குத் தாழவோ இருக்க வேண்டும். கொக்கியின் ஊசி 20 மில்லிமீட்டர் கனமுள்ளதாகவும், குலுங்கினாலும் கழன்று விழாதபடி பூட்டுக் கம்பி கொண்டதாகவும் இருத்தல் அவசியம்.

பாட்டரி

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவுள்ள நான்கு ஈய பாட்டரிகளை வரிசையாக இணைத்தால் 48 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொன்றும் சுமார் 30 கிலோ. ஆக 120 கிலோ. மற்ற வண்டிகளில் குறையெனப்படும் இந்தக் கனம் நமது வண்டியில் நிறையாகின்றது. தரையைப் பற்றுவதற்குக் கனம் வேண்டுமல்லவா? இன்று பரவியுள்ள லித்தியம் பாட்டரி நீண்ட காலம் உழைக்கும். எடையும் மிகக் குறைவு. ஆனால் அதனை வைத்தால், குறைந்த கனத்திற்கு ஈடாக இரும்போ கல்லோ ஏற்ற வேண்டியிருக்கும்; அதற்குரிய தனி சார்ஜரும் வேண்டும்.

இந்நான்கு பாட்டரிகளில் அடங்கிய மின்சாரம் 4,800 வாட்-மணி. ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குன்றுமாதலால், நாளொன்றுக்கு 2,400 வாட்-மணியே நமக்குரியது என்று கொள்ள வேண்டும். முழுப் பாரத்துடன் மண்பாதையில் செல்லும்போது வண்டி சுமார் 1,000 வாட் மின்சாரம் உண்ணும். ஆக 7 கிலோமீட்டர் இழுக்கலாம். சிமெண்டுத் தரையில் சுமார் 340 வாட்டே உண்ணும். அதே மின்சாரத்தில் 21 கிலோமீட்டர் இழுக்கலாம். பாதையைச் செப்பனிடுவதன் பயன் இங்கும் மும்மடங்காகத் தெரிகின்றது.

செலவைப் பார்ப்போம். 2,400 வாட்-மணியை மீண்டும் நிரப்ப, சார்ஜரிலும் பாட்டரியிலும் வீணாவதையும் சேர்த்து, மூன்றேகால் யூனிட் அளவு மின்சாரம் வேண்டும். யூனிட்டிற்குப் பத்து ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும் நாளொன்றுக்கு 33 ரூபாய்க்குள் அடங்கும். மெய்யான செலவு மின்சாரமன்று; பாட்டரியின் தேய்மானமே.

அத்தேய்மானத்தைக் குறைக்கும் வழிகள் எளியவை. வேலை முடிந்த அன்றே சார்ஜ் செய்ய வேண்டும். வெறுமையான பாட்டரியை நாட்கணக்கில் விட்டுவைத்தால் தகடுகளில் உப்புப் படிந்து அது வீணாகும். தகடுகள் எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். சார்ஜ் ஆனபின் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீரும் கூடாது, அமிலமும் கூடாது. திரவ அடர்த்தி அளக்கும் கருவியை வாரம் ஒரு முறை இட்டுப் பார்க்க வேண்டும், 1.28 அளவில் நின்றால் நிரம்பியது, 1.12-க்கு இறங்கினால் முற்றும் வடிந்தது.

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டதும் வெடிக்கும். ஆகையால் சார்ஜ் செய்யும் இடம் காற்றோட்டமுள்ளதாக இருக்க வேண்டும். நூலும் பஞ்சும் வைக்கோலும் வைத்துள்ள அறையில் ஒருபோதும் சார்ஜ் செய்யலாகாது. அங்கே பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் கூடாது.

கம்பிகளும் விசைகளும்

48 வோல்ட் தொட்டால் பெரும் அதிர்ச்சி தராது. ஆனால் அதன் குறுக்கே ஓர் ஸ்பானர் விழுந்தால் நெருப்பாகப் பழுத்துவிடும். கையிலுள்ள மோதிரமும் கடிகாரமும் அவ்வாறே சதையைச் சுட்டுவிடும். ஆகவே வேலை தொடங்குமுன் அவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். ஸ்பானரின் பிடியில் ரப்பர் நாடா சுற்றிக் கொள்ள வேண்டும்.

பாட்டரியிலிருந்து கண்ட்ரோலருக்குச் செல்லும் செம்புக் கம்பி 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. பாட்டரியின் முனையை ஒட்டியே 80 ஆம்பியர் ப்யூஸ் இருக்க வேண்டும். கண்ட்ரோலர் எடுக்கும் மின்னோட்டம் 60 ஆம்பியருக்கு மேற்படாதவாறு அமைக்க வேண்டும். எட்டும் இடத்தில் சிவப்பு நிற அவசர விசை ஒன்று, அடித்தவுடன் மின்சாரம் முழுவதையும் துண்டிக்குமாறு அமைய வேண்டும். சாவி இல்லாமல் வண்டி இயங்கலாகாது. குழந்தைகள் வந்து போகும் இடமன்றோ சங்கம்?

கைப்பிடி விசை, கையை எடுத்தவுடன் தானே திரும்பி நிற்பதாக இருக்க வேண்டும். கைப்பிடியின் நுனியில் வயிற்றுக்கு நேராக ஓர் அழுத்து விசை வைப்பது தொழிற்சாலை வண்டிகளில் வழக்கம். ஓட்டுபவர் சுவருக்கும் வண்டிக்கும் இடையே அகப்பட்டால், வயிறு பட்டதும் அந்த விசை வண்டியைப் பின்னோக்கி ஓடச் செய்யும். சில நூறு ரூபாயில் அமையும் இச்சாதனம் ஓர் உயிரின் விலையுடையது.

நிறுத்துதல்

இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம். பின்னே வருவது 1,000 கிலோ; முன்னே செல்வது 250 கிலோ. இறக்கத்தில் பெரியது சிறியதைத் தள்ளும் என்பதை மறக்கலாகாது.

ஆதலால் இரண்டு பிரேக்குகள் வேண்டும். மோட்டார் தண்டில், மின்சாரம் நின்றதும் வில்லின் விசையால் தானே பிடித்துக் கொள்ளும் மின்காந்தப் பிரேக் ஒன்று. பல்சக்கரங்கள் அதன் பிடியை 75 மடங்காகப் பெருக்குவதால் சிறியதே போதும். ஆனால் சங்கிலி அறுந்தால் இப்பிரேக்கால் பயனில்லை. அதற்காகவே, அச்சின் சக்கரங்களிலுள்ள பழைய பிரேக்கைக் கைநெம்பால் இயங்குமாறு வைத்துக் கொள்ளக் கூறுகின்றோம்; சங்கிலி அறுந்தாலும் அது பிடிக்கும். கொக்கி கழன்று தட்டுவண்டி மட்டும் உருளுமாயின் இவ்விரண்டும் உதவா. ஆகவே ஏற்றத்தில் செல்லும்போது ஒருவர் கட்டையுடன் பக்கவாட்டில் வர வேண்டும். தட்டுவண்டிக்கு நேர் பின்னே எவரும் நிற்கலாகாது.

மழை நாளில் ஈரச் சிமெண்டிலும், மணல் சிதறிய தளத்திலும் சக்கரத்தின் பிடி பாதியாகும். அந்நாட்களில் பாதிப் பாரமே ஏற்ற வேண்டும். ஓட்டுபவர் வண்டியின் நேர் முன்னே நடவாமல் பக்கத்தில் நடக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

வண்டி தயாரானதும் நேரே மூட்டைகளை ஏற்றிவிடுதல் கூடாது. முதல் நாள் அச்சைக் கட்டைகளின்மீது தூக்கி வைத்துச் சக்கரங்களைக் காற்றில் சுழலவிட்டு, முன்னும் பின்னும் ஓட்டம், அவசர விசை, வயிற்று விசை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பிறகு வெறும் வண்டி. பிறகு கால் பாரம். பிறகு அரைப் பாரம். கடைசியில் முழுப் பாரம். ஒவ்வொரு படியிலும் மோட்டாரையும் கண்ட்ரோலரையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கையை வைத்திருக்க இயலாத சூடு கண்டால் அந்தப் பாரம் மிகுதி. ஏற்றத்தில் நடுவே நிறுத்தி, கையை எடுத்தபின் வண்டி அசையாமல் நிற்கின்றதா என்று பார்ப்பதே இறுதிச் சோதனை. அது தேறாத வண்டி மற்றெல்லாவற்றிலும் தேறினாலும் வேலைக்கு ஆகாது.

வேலியைத் தாண்டாதீர்

தொழிற்சாலைக்குள்ளோ வேலியிட்ட இடத்திற்குள்ளோ மட்டும் உபயோகிக்கத் தக்கதாகத் தனியே அமைத்த வண்டி, 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)-ம் பிரிவின்படி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. நமது வண்டி அத்தகையது. அது வாசலைத் தாண்டிப் பொதுச் சாலையில் கால் வைத்த கணமே இந்த விலக்கு நீங்கிவிடும்; பதிவும் இன்ஷ்யூரன்ஸும் இல்லாத வண்டியாகிவிடும். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் விரையும் ஒரகடம் சாலையில் நடைவேகத்தில் ஓர் இழுவை வண்டியைச் செலுத்துவது அறிவுடைமையன்று. களம், கிடங்கு, சாயப்பட்டறை, நெசவுக் கூடம் ஆகியவை ஒரே வளாகத்தில் அமைந்த இடத்திற்கே இவ்வண்டி உரியது.

சங்கத்தின் கடமை

ஒருவர் தமக்கென்று வாங்கி வைத்தால், இத்தகைய வண்டி வருஷத்தில் சில நாட்களே ஓடும். மற்ற நாட்களில் பாட்டரி தானே வீணாகும். அறுவடைக் காலத்தில் நெல்லுக்கும், மற்ற மாதங்களில் நூலுக்கும் சாயத்திற்கும் என்று பலர் சேர்ந்து உபயோகித்தால்தான் அது தன் விலையை மீட்கும். தனியொருவரால் ஆகாததைப் பலர் சேர்ந்து செய்வது என்பதற்காகவே 1904-ல் திருவள்ளூர் வட்டாரத்துத் திரூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கடனுக்குப் பொருந்திய அத்தத்துவம் கருவிக்கும் பொருந்தும்.

ஆனால் எல்லோருக்கும் சொந்தமான கருவி எவருடைய பொறுப்பிலும் இல்லாமற் போவதும் நாம் கண்டதே. அதனைத் தவிர்க்க நிர்வாகக் குழு சில ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். சாவி ஒருவரிடமே இருக்கட்டும். பழகிய இருவர் மூவர் தவிர மற்றவர் ஓட்டலாகாது. வண்டியுடன் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எந்த நாள், யார், எத்தனை மூட்டை, எவ்வளவு தூரம், பாட்டரி நீர் ஊற்றிய நாள், சங்கிலிக்கு எண்ணெய் இட்ட நாள் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். உச்ச வரம்பான 1,000 கிலோ என்பதை வண்டியின் பக்கத்தில் பெரிய எழுத்தில் தீட்டி வைக்க வேண்டும். பாட்டரியின் விலையை 30 மாதங்களால் வகுத்து, வரும் பங்கை மாதந்தோறும் தனி நிதியில் சேர்த்து வர வேண்டும். இல்லையெனில் பாட்டரி ஓய்ந்த அன்றே வண்டியும் ஓய்ந்துவிடும். பழைய பாட்டரியை உடைத்து ஈயம் உருக்குவோரிடம் கொடுக்கலாகாது. 2022-ம் வருஷத்து பாட்டரிக் கழிவு விதிகளின்படி, அதனைத் திரும்பப் பெறும் விற்பனையாளரிடமே ஒப்படைக்க வேண்டும். ஈயம் நிலத்திலும் கிணற்றிலும் சேர்ந்தால் நம் குழந்தைகளையே வாட்டும்.

இன்னொன்றும் கூற வேண்டும். வண்டி வந்ததும் மூட்டை தூக்கிப் பிழைத்த கூலியாளை வீட்டுக்கு அனுப்பிவிடுவது கூட்டுறவாகாது. வளாகத்தின் மேடு பள்ளமும் பாரத்தின் போக்கும் அவரைவிட அறிந்தவர் எவருமிலர். ஓட்டுவதற்குப் பழக்க வேண்டியவரும் முதலில் அவரே. அவருடைய கூலி குறையாமல் அவருடைய சுமை மட்டும் குறையுமாயின், அதுவே இவ்வண்டியின் முதல் லாபம்.

அங்கத்தினர்கள் அடுத்த பொதுச் சபைக்கு வருமுன், தங்கள் வளாகத்தில் ஒரு தொங்கு தராசையும் கயிற்றையும் கொண்டு மேற்கூறிய அளவுகளை எடுத்து வருவார்களாக. மோட்டாரைப் பற்றிய பேச்சை அந்த எண்களிலிருந்து தொடங்குவோம்.